பழைய காரின் சக்கரமும் அசல் வீல் கப்பும்

பழைய காரின் இரும்புச் சக்கரம் இரண்டு பாகங்களால் ஆனது. டயர் உட்காரும் வெளிவளையம் ரிம். அந்த வளையத்தை அச்சோடு சேர்க்கும் நடுத்தகடு டிஸ்க். இரண்டையும் பற்றவைத்தோ ரிவெட் அடித்தோ ஒன்றாக்கியிருப்பார்கள். டிஸ்கின் நடுவில் அச்சு முனையை மறைத்தபடி பளபளக்கும் கிண்ணம்தான் பட்டறைகளில் வீல் கப் எனப்படுகிறது. சேறும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. வண்டி எந்தக் கம்பெனியில் எந்தக் காலத்தில் பிறந்தது என்று காட்டும் முத்திரையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் கொடுக்கும் கவனத்தைச் சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை. ஆனால் வண்டியின் எடை முழுவதையும் தாங்கி ஓடுவது அதுதான்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்று பழைய கார் என்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி உத்தரபாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை தயாரான அம்பாசிடர் ஒன்று. மும்பை குர்லாவில் ஃபியட் 1100 என்ற பெயரில் வந்து, 1970களில் பிரீமியர் பத்மினியாகப் பெயர் மாறியது இரண்டாவது. மூன்றாவது, சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961இல் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டு. அம்பாசிடரின் டயர் அளவு 5.90-15, ஃபியட்டுக்கு 5.20-14, ஹெரால்டுக்கு 5.20-13. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டுமே அங்குலக் கணக்கு. ரிம்மின் மேலேயே அளவு பொறித்திருக்கும். ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம்தான். அகலமான டயர் கம்பீரமாக இருக்கும் என்று அதில் திணித்தால், டயர் தன் வடிவத்தில் உட்காராது. திருப்பத்தில் வண்டி அலையும்.

புதுச்சேரிக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. அந்தக் கால பிரெஞ்சு வண்டிகளின் சக்கரக் கணக்கே வேறு. சித்ரோவன் டிராக்ஷன் அவான், பெழோ 203 போன்றவற்றுக்கு மிஷ்லேன் வகுத்த 400 மில்லிமீட்டர் ரிம் வந்தது. அது பதினைந்து அங்குலமும் இல்லை, பதினாறும் இல்லை. பதினைந்தேமுக்காலுக்கு மிக அருகே நிற்கும். கடையில் கிடைக்கும் 16 அங்குல டயரை அதில் மாட்டினால், காற்றடித்த பிறகு விளிம்பு பிடிக்காமல் ஓடும்போதே கழன்றுவிடும். இந்த அளவு டயர்களைப் பழைய வண்டிகளுக்கென்றே இன்னும் வெளிநாட்டில் தயாரிக்கிறார்கள். அதை வரவழைப்பது ஒன்றே வழி.

வில்லியனூர் கொம்யூனில் ஒதியம்பட்டு போன்ற ஊரில் ஒரு பழைய கார் நின்றால், அதன் சக்கரத்துக்கு எதிரிகள் பல. கடல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உப்புக் காற்று வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் தரை மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். ஓடாத வண்டியின் டயரில் காற்று இறங்கி, ரிம்மின் அடிப்பகுதி மண்ணைத் தொட்டபடி நிற்கும். அதனால் துரு சக்கரம் முழுவதும் சீராகப் பரவுவதில்லை. கீழே நின்ற ஒரு கால்வட்டத்தில்தான் ஆழமாகத் தின்றிருக்கும். டயருக்கும் ரிம்முக்கும் இடையே தேங்கிய தண்ணீர் உட்புறத்தை அரித்திருக்கும். வெளியே பார்க்க நன்றாகத் தெரியும் சக்கரத்தைக்கூட டயரைக் கழற்றாமல் நம்பக்கூடாது.

கழற்றியதும் முதலில் செய்ய வேண்டியது சுத்தம் அல்ல, சோதனை. நட்டுத் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கின்றனவா, டிஸ்கும் ரிம்மும் சேரும் இடத்தில் பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விரிசலில் ஊறி நிறம் காட்டும் சாயத் திரவம் கிடைக்கிறது. பூசித் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். நட்டு உட்காரும் இடத்தில் விரிசல் கண்ட சக்கரத்தைப் பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. அதை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். துரு தின்று தகடு மெலிந்து, சுத்தியால் தட்டினால் குழிவிழும் சக்கரத்துக்கும் இதே தீர்ப்புதான்.

அடுத்தது கோட்டம். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பது போலத்தான் இங்கும். சக்கரத்தை அச்சில் மாட்டிச் சுழற்றி, டயல் கேஜின் முனையை ரிம்மின் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். ரிம் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது, மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்பவை தனித்தனிக் கணக்குகள். விளிம்பு மட்டும் வளைந்திருந்தால் பெண்டு எடுத்துவிடலாம். டிஸ்கே முறுக்கியிருந்தால் எவ்வளவு தட்டினாலும் நேராகாது.

துரு எடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. மணலை வேகமாகப் பீய்ச்சும் முறை விரைவானது. ஆனால் உலர்மணல் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய ஒரு தொழிலாளியையும் விடக்கூடாது. கண்ணாடி மணி, இரும்புத் துகள் போன்றவற்றை மூடிய அறைக்குள் பீய்ச்சும் கடைகளே நல்லது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ஊறவைப்பது பலரின் பழக்கம். டிஸ்கும் ரிம்மும் ஒட்டும் இடுக்கில் அந்த ஆசிட் தங்கி, பெயின்டுக்குள்ளிருந்தே மறுபடி அரிக்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய பொறுமையான வழி மொலாசஸ். கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் அந்தக் கறுப்புப் பாகை, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துத் தொட்டியில் கரைத்து, சக்கரத்தை ஒன்றிரண்டு வாரம் முழுக வைத்தால் துரு கரைந்து வெறும் இரும்பு மிஞ்சும். நாற்றம் பொறுக்க முடியாது, ஆனால் நல்ல இரும்பை அது தொடாது. அலுமினியச் சக்கரத்தை மட்டும் அதில் போடக்கூடாது; அரித்துவிடும்.

துரு எடுத்த இரும்பு இந்த ஊர்க் காற்றில் மணிக்கணக்கில் மறுபடி சிவக்கத் தொடங்கும். ஆகவே அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஏற வேண்டும். மேலே பெயின்டா பவுடர் கோட்டிங்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரி சூட்டில் உருகிப் படிவது; கல் தெறித்தாலும் எளிதில் பெயராது. ஆனால் அது கனமான பூச்சு. நட்டு உட்காரும் சரிவிலும், டிஸ்க், பிரேக் டிரம்மோடு ஒட்டும் பின்முகத்திலும் அது படிந்தால், ஓட ஓட நசுங்கி நட்டு தளரும். அந்த இரண்டு இடங்களையும் மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். சக்கரத்தை மாட்டிச் சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அசல் தோற்றம் வேண்டுவோர்க்குச் சாதாரண பெயின்டே பொருத்தம். அந்தக் காலத் தொழிற்சாலைப் பூச்சில் இவ்வளவு கண்ணாடிப் பளபளப்பு இருந்ததில்லை.

கம்பிச் சக்கரம் தனி உலகம். எம்ஜி, ஜாகுவார் போன்ற விளையாட்டுக் கார்களில் வந்தது அது. 48, 60, 72 என்று கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றின் இறுக்கமும் சக்கரத்தின் வட்டத்தைத் தீர்மானிக்கும். கம்பி முனைகள் வழியே காற்று கசியும் என்பதால் டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. இதில் வீல் கப்பின் இடத்தில் காது வைத்த ஒரே பெரிய நட்டு இருக்கும். இடப்பக்கச் சக்கரங்களுக்குச் சாதாரண மரை, வலப்பக்கத்துக்கு எதிர் மரை. ஓட்டத்தில் தானாக இறுக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. பக்கம் மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தளர்ந்து சக்கரமே கழன்று போகும். அதனால் பழைய சந்தையில் நான்கும் ஒரே மரையாகக் கிடைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது முழுத் தொகுதி அல்ல.

இனி வீல் கப். தேடுபவரை அலைய வைப்பது இதுதான். சக்கரம் கனமானது, கழற்றினால்தான் போகும். வீல் கப்போ டிஸ்கின் முகத்தில் உள்ள சில புடைப்புகளையோ வில் கவ்விகளையோ பிடித்து நிற்பது. பள்ளத்தில் இறங்கும்போது தெறிக்கும், பஞ்சர் கடையில் மறந்து போகும், இரவில் திருடு போகும். நான்கும் அசலாக மிஞ்சிய வண்டி அபூர்வம்.

அசல் எது என்று கண்டுபிடிக்க முதலில் வண்டியின் வரலாறு தெரிய வேண்டும். 1970களின் தொடக்கம் வரை ஃபியட் பெயரில் விற்ற வண்டிக்கு ஃபியட் எழுத்துள்ள கப் சரி. பத்மினிக்கு அது சரியல்ல. இங்கிலாந்தில் ஹெரால்டு வந்தது டிரையம்ஃப் பெயரில். இங்கே ஸ்டாண்டர்டு பெயரில். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த டிரையம்ஃப் கப் அச்சாகப் பொருந்தினாலும், சென்னையில் பிறந்த வண்டியின் முகத்தில் அது வேற்றுப் பெயர்தான். மாரிஸ் கப்பை அம்பாசிடரில் மாட்டுவதும் அப்படியே.

பிறகு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய எழுத்து பல முறை பஃபிங் பிடித்ததையோ நகல் எடுத்ததையோ காட்டும். பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். அச்சில் அழுத்திய தகடு என்றால் முன்பக்க எழுத்து பின்னால் குழிவாகத் தெரியும். விளிம்பு சீராக உள்மடங்கியிருக்கும். அசலை மாதிரியாக வைத்து மண்ணில் வார்த்த நகலைக் கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் போதும். உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவு சுருங்கும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள அசலிலிருந்து வார்த்த நகல் சுமார் இரண்டு மில்லிமீட்டர் சிறியதாக வரும். கடைக்குப் போகும்போது அசலின் அளவு கையில் இருந்தால் எந்த விற்பனையாளரின் சத்தியமும் தேவையில்லை. காந்தமும் உதவும்: பித்தளையை இழுக்காது, இரும்பை இழுக்கும். தன் வண்டியின் அசல் எந்த உலோகம் என்று முதலில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நசுங்கிய அசலைத் தூக்கி எறியத் தேவையில்லை. உட்புறத்திலிருந்து மரக் கட்டையால், மணல் பையின் மேல் வைத்து, சிறு சிறு தட்டாகத் தட்டினால் தகடு எழும். பித்தளையை இடையிடையே சூடேற்றி ஆறவிட்டால் மென்மையாகும், இல்லாவிட்டால் வெடிக்கும். பிறகு முலாம். குரோம் என்று கண்ணுக்குத் தெரிவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான மேல்தோல்தான். கீழே செம்பும் அதற்கு மேல் நிக்கலும் தடிப்பாக ஏறியிருந்தால்தான் துரு வராது. விலை குறைவு என்று நிக்கலைத் தவிர்த்த வேலை ஒரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்துவிடும். குரோம் தொட்டியில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் பொருள். கழிவைச் சாக்கடையில் விடும் பட்டறைக்கு வேலை கொடுக்காமல் இருப்பது வண்டிக்காரரின் கடமையும்கூட. நல்ல நிலையில் உள்ள பழைய முலாமை உரிக்காமல் மெழுகு பூசி வைத்திருப்பதே பல நேரம் சிறந்த முடிவு.

கிராமத்து வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கழற்றிய பித்தளை வீல் கப்புகளை மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டு வைப்பது வழக்கம். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா பித்தளையை வெடிக்கச் செய்யும். பிரிட்டிஷ் படை இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன. இதன் காரணம் ஈரத்தில் கரைந்த அமோனியா என்று 1921இல் விளக்கப்பட்டது. தகட்டை அழுத்தி உருவாக்கிய வீல் கப்பிலும் தோட்டா உறையில் இருக்கும் அதே உள் இறுக்கம் உண்டு.

தேடும் இடங்களில் சென்னைப் புதுப்பேட்டை முதலில் வரும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தக் கடைகளில் நான்கு கப்புகள் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். வடிவத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கோவை ஜிடி கார் மியூசியம் போன்ற இடங்களில் நிற்கும் வண்டிகளை நேரில் பார்ப்பது பயன் தரும். சென்னையில் பழைய வண்டி வைத்திருப்போரின் சங்கங்களும் கண்காட்சிகளும் இருக்கின்றன. அங்கே பண்டமாற்றாகவே பல கப்புகள் கைமாறுகின்றன. வாங்கி மாட்டியபின் பெயர்க்கும்போது ஒரே இடத்தில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாமல், துணி சுற்றிய அகன்ற பட்டையால் சுற்றிச் சுற்றி மெல்ல எழுப்ப வேண்டும்.

அசலுக்கு இப்போது சட்ட மதிப்பும் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பெரிய மாற்றமின்றிப் பராமரிக்கப்படும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். மாநிலக் குறியீட்டுக்குப் பின் விஏ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். அந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

வீட்டுப் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ துருப்பிடித்த ஒற்றை வீல் கப் கிடந்தால், அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன் எழுத்தையும் விட்டத்தையும் ஒரு முறை பாருங்கள். மூன்றை வைத்துக்கொண்டு நான்காவதைத் தேடிக்கொண்டிருப்பவர் எங்கோ இருப்பார்.