கோடை வீடு – 6: தெற்கே விழும் நிழல்

இந்த வாரம் நுங்கைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கிணறு, திண்ணை, மாவடு எல்லாம் முந்தைய வாரங்களிலேயே ஆயிற்று. பிள்ளைகளை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப் போகாமல் காட்டுப்பாக்கத்து வீட்டிலேயே கழிக்கிற கோடை இது என்பதும் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். நுங்கு கொஞ்சம் காத்திருக்கட்டும். மொட்டை மாடியில் ஒரு விஷயம் அகப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

டெல்லியிலிருந்து தம்பி மகன் வந்திருக்கிறான். ஏழாம் வகுப்பு. அம்பத்தூரிலிருந்து தங்கை மகள் பரீட்சை முடிந்த கையோடு வந்துவிட்டாள். விடியற்காலையில் அம்மா வடாத்துக்குக் கூழ் கிண்டி முடித்ததும் இரண்டு பேரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். பையன் பழைய வேட்டியை வடக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி விரித்தான்.

"அங்க வேணாம்டா கண்ணு. சித்திரை பத்து தாண்டிட்டா சூரியன் வடக்கால போயிடும். தெக்கு சுவத்தோரமா விரி. பொழுதுக்கும் வெயில் வுழும்" என்றாள் அம்மா.

"இல்ல ஆயா, சூரியன் தெற்கேதான் இருக்கும். மத்தியானம் நிழல் வடக்கே விழும். எங்க மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவன் சொன்னது தப்பில்லை. டெல்லியில் வருஷம் 365 நாளும் அப்படித்தான். அம்மா வாதம் பண்ணவில்லை. வேட்டியைத் தெற்கே மாற்றிப் போட்டுப் பிழிய ஆரம்பித்துவிட்டாள். "அத்தை, நீங்க சொல்லுங்க" என்று பையன் என்னிடம் வந்தான். மத்தியானம் வரை பொறு, நிழலே சொல்லும் என்றேன்.

பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் தூக்குக் குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கினோம். குழாய் வேலையில் மிச்சமான பிவிசி துண்டை ஒரு மீட்டருக்கு அறுத்து, பெயிண்ட் டப்பாவில் எம்-சாண்ட் நிரப்பி நட்டோம். குழாய் சாய்ந்திருந்தால் நிழலும் பொய் சொல்லும் என்று மேஸ்திரியே மேலே வந்து குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்துக் கொடுத்தார். அக்னி நட்சத்திர வெயிலில் தட்டோடு காலைச் சுட்டது. சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்தார்கள். தலையில் ஈரத் துண்டு, கையெட்டும் தூரத்தில் நீர்மோர்ச் சொம்பு.

புள்ளிகள் குழாயை நெருங்கி நெருங்கி வந்தன. 12.06 வாக்கில் நிழல் மிகவும் குறுகி, ஒரு ஜாணுக்கும் குறைவாக, பத்து சென்டிமீட்டர் சொச்சம் நின்றது. நின்ற திசை தெற்கு. சூரியன் எங்கள் தலைக்கு மேலே திருவேற்காட்டுப் பக்கம் சாய்ந்திருக்க, நிழல் மாங்காட்டுப் பக்கம் விழுந்துகிடந்தது. பையன் உடனே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். டெல்லியில் உச்சிப்பொழுது 12.17க்குத்தான். அந்த நேரத்தில் தம்பி தன் பால்கனியில் ஒரு பாட்டிலை வைத்துக் காட்டினான். அதன் நிழல் வடக்கே போயிற்று. ஒரே நாள், ஒரே சூரியன், அங்கே வடக்கு, இங்கே தெற்கு. பையன் அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குக்கூட கீழே இறங்க மறுத்துவிட்டான்.

காரணம் எளிது. சூரியன் உச்சியில் நிற்கிற இடம் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. டிசம்பரில் தெற்கே 23.4 பாகை, ஜூனில் வடக்கே 23.4 பாகை. காட்டுப்பாக்கம் வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஆகவே வடக்கே போகிறபோது ஒரு நாள், திரும்பி வருகிறபோது ஒரு நாள் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும். சென்னைக்கு அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. அன்று உச்சிப்பொழுதில் நேராக நிற்கும் கம்புக்கு நிழலே இருக்காது. நடுவில் கிட்டத்தட்ட நான்கு மாதம் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று எங்கள் ஒரு மீட்டர் குழாய் மத்தியானம் 18 சென்டிமீட்டர் நிழலைத் தெற்கே போடும். டிசம்பர் 21 அன்று அதே குழாய் வடக்கே 74 சென்டிமீட்டர் போடும். டெல்லி 28 பாகைக்கும் மேலே இருப்பதால் சூரியன் அந்த ஊருக்கு நேர்மேலே வருவதே இல்லை.

கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10ஐ ஒட்டி, யாழ்ப்பாணத்துக்கு 15, மதுரைக்கு 16, திருச்சிக்கு 18 என்று சூரியன் ஊர் ஊராக ஏறி வருகிறது. இலங்கையில் வானிலைத் திணைக்களம் ஏப்ரல் முதல் பாதியில் இன்று எந்த ஊருக்கு நேர்மேலே சூரியன் என்று தினமும் அறிவிக்கிறது. நம் ஊர் வானிலை அறிக்கையிலும் அதைச் சொல்லலாம். ஒரு வரி போதும்.

இப்போது அம்மாவின் சுவருக்கு வருகிறேன். ஏப்ரல் 24 என்பது சித்திரை 11. 'சித்திரை பத்து தாண்டிட்டா' என்று அவள் சொன்னது அதைத்தான். மார்கழியில் மூன்றடித் தெற்குச் சுவர், உச்சிப்பொழுதில்கூட இரண்டடிக்கு மேல் மாடித் தரையில் நிழல் போடுகிறது. அந்தச் சுவரடி நாளெல்லாம் குளிர்ந்து கிடக்கும். மாசியிலும் அந்த நிழல் முழுதாக விலகாது. அதனால் மாசியில் வற்றல் போடும்போது அம்மா வடக்குச் சுவரோரம் போவாள். சித்திரை பத்துக்குப் பிறகு சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை வடக்கிலேயே ஓடுவதால், தெற்குச் சுவரின் நிழல் மாடிப் பக்கமே வராது. எப்போது திரும்பும் என்று கேட்டேன். "ஆவணி பொறந்தா திரும்பிடும்" என்றாள். ஆகஸ்ட் 18 என்பது ஆவணி 2. அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவள். அவளுக்கு இதை அவள் மாமியார் சொன்னாராம். சூரியன் திரும்புகிற இரண்டு நாளையும் ஒரு நாளுக்கு மேல் பிசகாமல் இரண்டு பெண்கள் கூழ் வடாத்தை வைத்துக்கொண்டு காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி பத்துப்பாட்டை எடுத்தேன். உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நூல். அதில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனைக்கு மனை வகுக்கிற இடம் ஒன்று உண்டு. சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில், இரண்டு கோல்களை நட்டு, நிழலைக் குறித்து, நூலறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்துத் திசை வகுக்கிறார்கள். கல்லூரியில் படித்ததுதான். அன்றைக்கு அது மனப்பாடப் பகுதி, அவ்வளவே. அப்படிச் சாயாத நாள் எது? நச்சினார்க்கினியர் உரையில் பதில் இருக்கிறது: சித்திரை மாதத்தின் நடுப் பத்தில் ஒரு நாள், பதினைந்தாம் நாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷம் என்றால் உதயத்திலிருந்து பதினைந்து நாழிகை ஆறு மணி நேரம். அதாவது உச்சி.

படித்ததும் இடித்தது. நச்சினார்க்கினியர் மதுரைக்காரர். மதுரையில் இப்போது நிழலில்லா நாள் ஏப்ரல் 16, அதாவது சித்திரை 3. முதல் பத்தில் வருகிறது, நடுப் பத்தில் இல்லையே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் சித்திரை பிறப்பது நட்சத்திர மண்டலத்தை வைத்து. நிழல் மறைவதோ சூரியனின் வடசெலவு தென்செலவை வைத்து. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே சுமார் இருபது நிமிஷ வித்தியாசம் இருக்கிறது. ஏறக்குறைய எழுபது வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடும். நச்சினார்க்கினியர் வாழ்ந்தது 14ஆம் நூற்றாண்டு என்பார்கள். அங்கிருந்து இங்கே ஒன்பது பத்து நாள் நழுவியிருக்கிறது. அவர் காலத்தில் சித்திரை முதல் நாள், இன்றைய காலண்டர்படி ஏப்ரல் 4, 5 வாக்கில் வந்திருக்கும். அப்படியானால் மதுரையில் நிழல் மறைந்த நாள் சித்திரை 12, 13. நடுப் பத்தேதான்! உரைக்காரர் வார்த்தை அழகுக்காகச் சொன்னதல்ல அது. கோல் நட்டுப் பார்த்தவர்களின் கணக்கு அவர் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். காலை வரை பொறுத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் நிழலை அளந்ததைப் பார்த்ததில் எனக்குப் பரங்கிமலையும் நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் வழியாகப் போகிற மவுண்ட்–பூந்தமல்லி சாலை அங்கேதான் தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அந்த மலை அடிவாரத்தில் இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு. 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று தள்ளியதால் இந்தியாவுக்கு வந்த சங்கிலி அது. வெயில் பட்டால் எஃகு நீளும் என்பதால் மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து அளந்தார்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் 100 அடி எஃகு மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 12 கிலோமீட்டருக்கு எவ்வளவு பிழை வரும் என்று தங்கை மகள் கணக்குப் போட்டாள். ஏறத்தாழ 1.4 மீட்டர். அந்த ஏப்ரலில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுக்கும் ஒரு மத்தியானம் நிழல் மறைந்திருக்கும். பின்னாளில் இமயம் வரை போய் எவரெஸ்ட் உயரத்தைக் கணித்த அளவைக்கு முதல் கோடு நம் கத்திரி வெயிலில் போட்டது என்று சொன்னபோது, பையன் பரங்கிமலைக்குக் கூட்டிப் போகச் சொன்னான். போகத்தான் வேண்டும். அங்கே லாம்டனுக்குச் சிலை இருக்கிறது.

இதெல்லாம் ஒரு பழைய வேட்டியை எந்தச் சுவரோரம் விரிப்பது என்ற பேச்சிலிருந்து வந்தது. விடுமுறை விட்ட அடுத்த வாரமே பிள்ளைகளை ரோபோட்டிக்ஸ், அபாகஸ், நீச்சல் என்று மணிக்கணக்கில் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். பணம் போவதைக்கூட விடுங்கள். கேள்வி வருவதற்கு இடமே இல்லாமல் போகிறது. ஆயாவோடு வடாம் பிழியாத பிள்ளைக்கு ஆயாவோடு தர்க்கம் பண்ணவும் வாய்ப்பு கிடைக்காது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் இப்போது மெட்ரோ தூண்களும் அடுக்குமாடிகளும்தான் தெரிகின்றன, வயல் இல்லை. வானம் இருக்கிறது. அதை எந்த பில்டரும் இன்னும் மனை போடவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற கோடைதான் நல்ல கோடை என்று ஐந்து வாரமாகச் சொல்லி வருகிறேன். இந்த வாரம் அதை இன்னும் உரக்கச் சொல்கிறேன்.

மாடி இல்லாதவர்கள் வடக்கு ஜன்னலைப் பாருங்கள். மே, ஜூன், ஜூலையில் அந்த ஜன்னல் கட்டையில் வெயில் விழும். மார்கழியில் விழாது. பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லாதீர்கள், கேளுங்கள். சூரியனை நேரே பார்க்கவிடாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்தார் ஆகஸ்ட் 18ஐ இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். உச்சிப்பொழுது 12.13. பள்ளி நாளாக இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, விளையாட்டுத் திடலில் ஒரு கம்பு நடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த மாதம் எந்தச் சுவரோரம் வற்றல் காயவைத்தார்கள் என்று கேட்டு, ஊர் பெயரோடு எனக்கு எழுதுங்கள். நுங்கு அடுத்த வாரம்.