காசு குடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு நன்றி?

யாராவது ஏதாவது கொடுத்தால் உடனே "தேங்க்ஸ் சொல்லு" என்று பிள்ளைகளைப் பழக்கி விடுகிறோம். அதுகளும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிடுதுங்க. ஆனால் தேங்க்ஸ் சொன்ன வாயாலேயே, "இந்தக் கலரா வாங்கிட்டு வந்தீங்க?" என்று மாமா ஆசையாய் வாங்கி வந்த சட்டையை மூலையில் போடுவதும் எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே!

நம் வீடுகளில் அம்மாவிடம் போய் "நன்றி" என்று சொன்னால் அவளே பதறிப் போவாள். அதற்காக நமக்கு நன்றி தெரியாது என்றாகி விடுமா? மாட்டுக்கே ஒரு பொங்கல் வைத்தவர்கள் நாம். ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறோம். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு என்று தனி அதிகாரமே வைத்து 10 குறள் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம் செய்து மார்க் வாங்குவதோடு சரி.

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பார்களே, அதை என் 6 வயது மகளுக்குப் பழக்கியிருக்கிறேன். பாட்டி முறுக்கு கொடுத்தனுப்பிய டப்பாவில், தான் வரைந்த படம் ஒன்றைப் போட்டுத்தான் அனுப்புவாள்.

ஏழாவது படிக்கும் மகனிடம்தான் பாடாகி விட்டது. காலையில் பேட்டரி வண்டி சத்தம் கேட்டதும், "குப்பைக்காரி வந்தாச்சு" என்று கத்தினான். "குப்பை போடறது நாமடா. அவங்க அதை அள்ளறவங்க" என்றேன். "அதான் சம்பளம் குடுக்கிறாங்களே, அப்புறம் என்ன?" என்றான். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கரெக்டாத்தானே கேக்கறான்" என்று இவர் வேறு தாளம்!

நான் திட்டவில்லை. "சம்பளம் குப்பையை அள்ளத்தான். நாம போடற கண்ணாடித் துண்டு கையைக் கிழிக்கறதுக்கும் சேர்த்தா?" என்று மட்டும் கேட்டேன். அன்று முதல் ஒரு மாதத்துக்கு மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கிற வேலை அவனுக்கு. மூன்று நாள் மூக்கைப் பிடித்துக் கொண்டு முணுமுணுத்தான். அடுத்த வாரம் டம்ளர் ஒன்று உடைந்தது. அவனே பேப்பரில் சுற்றி, ஸ்கெட்ச் பேனாவால் "கண்ணாடி, ஜாக்கிரதை" என்று எழுதி அந்தம்மா கையில் கொடுத்தான். "எழுதியா குடுக்கிறே? நல்லா இரு சாமி" என்று அவங்க சொன்னதும் பிள்ளைக்கு வெட்கம் தாங்கவில்லை. (தோழிகளே, நாப்கினையும் தனியே சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். எத்தனை வீட்டில் செய்கிறோம்?)

வெயில் நாளில் அவங்களுக்கு மோர் கொடுப்பது இப்போது அவன் பொறுப்பு. நாங்கள் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாமியார் கொஞ்சம் முகம் சுளித்தார். "பிள்ளைங்க பாக்குது அத்தை" என்றேன், அதோடு விட்டு விட்டார். தனி டம்ளர் வைத்துக் கொண்டு நன்றியைப் பற்றி நாம் என்ன பேசி என்ன!

போன வாரம் இவர் பழைய பிளேடை அப்படியே குப்பைக் கூடையில் போட்டார். "அந்தம்மா கை என்னப்பா ஆகும்?" என்று கேட்டான் மகன். இவர் பேசாமல் எழுந்து போய், பேப்பர் ஒன்றைக் கிழித்துச் சுற்றினார்.

- ஒரு வாசகி, திருச்சி