இஞ்சினின் காய்ச்சல்

மும்பையின் மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாகச் செம்பூர் செல்லும் சாலையில், கோடைக்கால மாலையில் ஊர்திகள் ஊர்ந்தே செல்லும். அந்நெரிசலில் சிலவேளை ஒரு கார் ஓரமாக நின்று ஆவியைக் கக்கும். ஓட்டுநர் ஒரு புட்டித் தண்ணீரை ஊற்றிப் புறப்படுவார்; சற்றுத் தொலைவில் மீண்டும் நிற்பார். சூடு தணிந்தது, ஆனால் குறை நீங்கவில்லை.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர் வெளியேற்றுகிறது. பம்பு அந்நீரை இஞ்சினுக்குள் ஓடச் செய்கிறது. சூடேறிய நீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாய்ந்து, காற்றால் குளிர்ந்து திரும்புகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு வாயிற்காவலனைப் போல நின்று, இஞ்சின் உரிய சூட்டை அடைந்த பின்னரே ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. குர்லா ஆலையில் உருவாகி, மும்பையின் டாக்சியாக 2023 வரை ஓடிய பத்மினி காரிலும் இம்முறையே இருந்தது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது திருக்குறள் காட்டும் நெறி. அது இஞ்சினுக்கும் பொருந்தும். நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால், விசிறியை ஆராய வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் பணியைச் செய்துவிடுகிறது. வேகத்திலும் சூடு ஏறினால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். தெர்மோஸ்டாட் திறவாமலும் இருக்கலாம். வண்டியின் அடியில் நீர் சொட்டினால், குழாயிலோ பம்பிலோ கசிவு உண்டு. வெளியே கசிவின்றி நீர் குறைந்து, வெண்புகையும் தொடர்ந்து வந்தால், ஹெட் கேஸ்கட் பழுதுபட்டிருக்கலாம். அதன்பின் வண்டியை ஓட்டுவது இஞ்சினையே அழித்துவிடும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. சமையலறைக் குக்கரைப் போலவே அம்மூடியும் அழுத்தத்தைக் காக்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் 100° செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து, அந்நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். ஆகவே வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, அது நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையே இங்கு முதல் மருந்து.

சிந்தித்து விடை எழுதுக:
1. தண்ணீர் ஊற்றுவது மட்டும் ஏன் தீர்வாகாது?
2. ரேடியேட்டர் மூடியும் குக்கரும் எவ்வகையில் ஒத்துள்ளன?