இலவசம் யாருடைய ஆயுளுக்கு?

2023 டிசம்பர் மாதத்தில் ஒரு நாள். மஃரிப் தொழுகையை முடித்து வீட்டுக்கு வந்தபோது, எங்கள் ஊர்த் தாய் ஒருவர் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மூத்த மகன் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர். இப்போது அமெரிக்காவில் பொறியியலாளராக இருக்கிறார். தாயின் கையில் தொலைபேசி. மறுமுனையில் மகன் காத்திருந்தார்.

"மௌலவி, மகன் ஒரு மஸ்அலா கேக்கணும் எண்டு செல்றான். கார் கதை. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. நீங்களே பேசுங்க" என்று தொலைபேசியை நீட்டினார்.

முதலில் எனக்கும் விளங்கவில்லை. மெதுவாகக் கேட்கக் கேட்க, இது காரைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பது புரிந்தது. நம் வீடுகளில் அன்றாடம் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களுக்கும் இதில் பாடம் இருப்பதால், தாயினதும் மகனினதும் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்

அவரிடம் இருந்தது டெஸ்லா கம்பனியின் 'மொடல் எஸ்' மின்சாரக் கார். 2016 இல் தயாரானது. 2019 இல் இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். இந்தக் கம்பனி 2012 இல் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் விரைவு மின்னேற்று நிலையங்களைத் திறக்கத் தொடங்கியபோது, தன் கார்களை அங்கே இலவசமாக மின்னேற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. 2017 இன் தொடக்கத்தோடு அந்தப் பொதுச் சலுகை நின்றுபோனது. பிறகு சில காலங்களில், சில கார்களுக்கு மட்டும் வந்து போனது. ஆனால் ஆரம்ப காலக் கார்களுக்குக் கொடுத்த உரிமை தொடர்ந்தது. அத்தகைய காரை ஒருவர் மற்றவருக்கு விற்றால் உரிமையும் காரோடு சென்றது. நம் மாணவருக்கும் அப்படித்தான் கிடைத்திருக்கிறது.

2023 இல் அந்தக் கம்பனி ஒரு புதிய சலுகையை அறிவித்தது. இலவச உரிமையுள்ள பழைய காரை வைத்திருப்பவர் குறித்த தேதிக்குள் புதிய காரொன்றை வாங்கினால், அந்த உரிமையைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் பழைய காருக்கு அந்த உரிமை இருக்காது. டிசம்பர் 31 கடைசி நாள்.

"மௌலவி, நான் பழைய காரை இங்கே ஒரு நண்பருக்கு விற்கப் பேசி முடித்துவிட்டேன். விலையும் ஒத்துக்கொண்டோம். பணம்தான் இன்னும் கைமாறவில்லை. இப்போது இந்தச் சலுகை வந்திருக்கிறது. உரிமையைப் புதிய காருக்கு மாற்றிக்கொண்டு, பழைய காரை அதே விலைக்கு அவருக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

"அந்த நண்பருக்கு இலவச மின்சாரம் பற்றித் தெரியுமா?" என்றேன்.

சற்று நேரம் மௌனம். பிறகு, "அதற்காகத்தான் அவர் வாங்குகிறார். தினமும் தூரம் போகிறவர்" என்றார்.

அந்த மௌனத்திலேயே பாதிப் பதில் இருந்தது.

ஒரு முறை மின்னேற்ற எவ்வளவு?

சகோதரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்க ஒரு கணக்குச் சொல்கிறேன். நமக்கு மாதாமாதம் வரும் மின்சாரப் பட்டியலில் 'அலகு' என்று போடுகிறார்களே, அதே அலகில்தான் காரின் பற்றரியையும் அளக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் அந்த வகைக் கார்களில் 60 முதல் 100 அலகு வரை கொள்ளும் பற்றரிகள் இருந்தன. மாதம் எழுபது அலகு பாவிக்கும் ஒரு வீட்டின் முழு மாத மின்சாரத்தை அந்தக் கார் ஒரே முறையில் குடித்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையகத்துக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துச் சொன்னார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். இடையில் முப்பத்திரண்டு வருடங்கள். அணை கட்டியவர்களின் உழைப்பும் நாட்டின் பணமும் சேர்ந்துதான் நம் வீட்டு விளக்கு எரிகிறது. மின்சாரம் எங்கும் சும்மா வருவதில்லை. 'இலவசம்' என்றால் அதன் விலையை வேறு எவரோ, அல்லது வேறு எங்கோ நாமே, கொடுத்திருக்கிறோம் என்பதே பொருள். அந்தக் காரின் இலவச மின்சாரத்துக்கும் விலை காரின் விலைக்குள்ளேயே இருந்தது. நண்பர் பேசிய விலைக்குள்ளும் அது இருந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கையால் தொட முடியாத ஓர் உரிமையைச் சொத்தாகக் கருதலாமா? நம் ஷாபிஈ மத்ஹப் அறிஞர்கள் உட்படப் பெரும்பான்மையினர், ஒரு பொருளின் பயன்பாடும் சொத்துத்தான் என்று கொண்டார்கள். வீட்டை விற்காமல் அதில் வாழும் பயனை மட்டும் வாடகைக்குக் கொடுப்பது இந்த அடிப்படையில்தான். நம் காலத்தில், சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வணிகப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை பணமதிப்புள்ள உரிமைகள், அவற்றைப் பிறர் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. வணிகப் பெயர் போன்றவற்றைக் கைமாற்றும்போது அதில் தெளிவின்மையும் ஏமாற்றும் மோசடியும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் இட்டது. ஆகவே இலவசமாக மின்னேற்றும் உரிமையையும் வெறும் காற்று என்று தட்டிவிட முடியாது.

'ஆயுள் முழுக்க' என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. பிக்ஹ் நூல்களில் 'உம்றா' என்றொரு பாடம் உண்டு. மக்காவுக்குச் சென்று செய்யும் வணக்கமல்ல இது. 'உம்ர்', அதாவது ஆயுள் என்ற சொல்லிலிருந்து வந்தது. "உன் ஆயுள் உள்ளவரை இந்த வீடு உனக்கு" என்று அன்றைய அரபிகள் கொடுத்தார்கள். பெற்றவர் மரணித்ததும் கொடுத்தவர் திரும்பக் கேட்டு நிற்பார். சண்டை வரும். அப்படிக் கொடுக்கப்பட்டது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்கே உரியது என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாக புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம்.

காரின் சலுகையும் உம்றாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வீடு ஒரு பொருள். இது ஒரு கம்பனி தன் நிபந்தனைகளோடு தரும் சேவை. ஆனால் 'ஆயுள்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படித் தகராறுக்குள் விழுகிறார்கள் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். யாருடைய ஆயுள்? காரின் ஆயுளா, வாங்கியவரின் ஆயுளா? அதை எழுத்தில் பார்க்க வேண்டும். நிபந்தனையை ஒப்புக்கொண்டு பெற்ற பின், அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்லாஹ் கட்டளையிடுவதோடுதான் ஸூரதுல் மாஇதா ஆரம்பமாகிறது.

நனைந்த தானியம்

மாணவருக்கு நான் சொன்ன பதிலைச் சுருக்கித் தருகிறேன்.

கம்பனி அனுமதிக்கும்போது உரிமையைப் புதிய காருக்கு மாற்றுவதில் தவறில்லை. அது அவருடைய உரிமை. ஆனால் நண்பரோடு "விற்றேன், வாங்கினேன்" என்று பேசி முடித்துப் பிரிந்திருந்தால், வியாபாரம் முடிந்துவிட்டது. பணம் பிறகு வருவதால் அது மாறாது. கார் என்ன தன்மையோடு பேசப்பட்டதோ அந்தத் தன்மையோடு நண்பருக்குச் சேர வேண்டும். அதிலிருந்து ஒன்றைக் கழற்றி எடுக்க இவருக்கு உரிமையில்லை. சொல்லப்பட்ட தன்மை இல்லாமல் பொருள் வந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நம் மத்ஹபின் சட்டம்.

இன்னும் வியாபாரம் முடியவில்லை, பேச்சளவில்தான் இருக்கிறது என்றால், வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். "இலவசத்தை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். கார் மட்டும்தான் உங்களுக்கு. இப்போது என்ன விலை தருவீர்கள்?" என்று கேட்க வேண்டும். நண்பர் விலையைக் குறைக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லாமல் அதே விலைக்குக் கொடுப்பது மட்டும் ஆகாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது, கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இது முஸ்லிமில் வரும் சம்பவம். மழைக்குப் பேர்போன வட்டவளையில் இருக்கும் நமக்கு இது நன்றாகவே விளங்கும். தானியம் நனைந்தது அவருடைய குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம்.

உம்மா கேட்ட கேள்வி

இத்தோடு பதில் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதுவரை பேசாமல் இருந்த அந்தத் தாய், "புதுக் காருக்குக் காசு எங்கால மகன்?" என்று கேட்டார்.

மகன் தயங்கினார். கையிருப்புப் போக 40,000 டொலர் கடன் எடுக்க வேண்டுமாம். நூற்றுக்கு 6 வீத வட்டி. ஐந்து வருடத் தவணை.

"அந்த இலவச கரண்டால மாசம் எவ்வளவு மிச்சம்?"

"ஐம்பது டொலர் அளவில உம்மா. வீட்டிலயும் மின்னேற்றுறதால அவ்வளவுதான்."

நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மாதம் 50 டொலர் என்றால் வருடத்துக்கு 600. ஐந்து வருடத்தில் 3,000. அந்தக் கடனுக்கு ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் 6,000 டொலருக்கு மேல். மூவாயிரத்தைக் காப்பாற்ற ஆறாயிரம்! கணக்கு மறுபக்கம் சாய்ந்திருந்தாலும் வட்டி வட்டிதான், ஹராம் ஹராம்தான். அல்லாஹ் தடுத்ததற்கு இலாப நட்டம் பார்ப்பதில்லை. ஆனாலும் ஷைத்தான் நமக்குக் காட்டிய இலாபம் கூட உண்மையில் இலாபமாக இருக்கவில்லை.

"ஓசியில கெடைக்கிது எண்டு வட்டிக்குப் போறதா? பழைய கார் ஓடலியா?" என்றார் தாய்.

பழைய கார் நன்றாகத்தான் ஓடியது. குடும்பத்துக்குச் சற்றுச் சிறிய கார் போதும் என்று நினைத்துத்தான் அதை விற்க முதலில் பேசியிருக்கிறார். 'கடைசி நாள்' என்ற ஒரு சொல் வந்ததும் சிறிய கார் பெரிய காராகி, கையிலிருந்த பணம் கடனாகி, கடன் வட்டியாகப் பார்த்தது. மார்க்கம் படித்த நான் உரிமையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. குடும்பம் நடத்திய அந்தத் தாய்க்குத் தோன்றியது.

நம் வீட்டுக்குள் வரும் இலவசங்கள்

இது அமெரிக்கக் கதை என்று விட்டுவிடாதீர்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய மின்சாரக் கார்கள் நம் வீதிகளிலும் ஓடுகின்றன. பத்து வருடங்களுக்கு முன் வந்த நிஸான் லீஃப் கார்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காரில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டப் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. பற்றரி தேயத் தேய கட்டங்கள் குறையும். எத்தனை கட்டம் மிஞ்சியிருக்கிறது, ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கித் திரும்பவும் ஏற முடியுமா என்பதை விற்பவர் சொல்ல வேண்டும், வாங்குபவர் கேட்க வேண்டும். அதை மறைப்பதும் நனைந்த தானியம்தான்.

காரில்லாத வீட்டிலும் இது உண்டு. சலவை இயந்திரத்தைப் பக்கத்து வீட்டுக்கு விற்கிறோம். அதன் உத்தரவாத அட்டை புதியவருக்கும் செல்லுமா என்று பார்த்துச் சொன்னோமா? 'இன்றே கடைசி' என்றதும் தேவையில்லாத பாத்திரத்தை, கூடவே வரும் இலவசத் தட்டுக்காகத் தவணையில் வாங்கினோமா?

விற்றலும் வாங்கலும் செய்பவர்கள் உண்மை பேசிக் குறையைத் தெளிவாகச் சொன்னால் அவர்களுடைய வியாபாரத்தில் பரகத் இறங்கும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரகத் அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அறிவிக்கிறார்கள். இது புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பரகத்தை எந்தக் கம்பனியும் இலவசமாகத் தருவதில்லை. ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றவும் முடியாது.

அந்த மாணவர் பழைய காரை, இலவச உரிமையோடு, பேசிய விலைக்கே நண்பருக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் பாவித்த சிறிய மின்சாரக் கார் ஒன்றைக் கடனில்லாமல் வாங்கினார். சென்ற பெருநாளுக்குப் பேசும்போது, "மின்னேற்றக் காசு கட்டும் நேரத்தில் சில வேளை மனசு கொஞ்சம் கிடந்து அடிக்கும் மௌலவி" என்று சிரித்தார். மனித மனம் அப்படித்தான். அந்த அடிப்புக்கும் அல்லாஹ்விடம் கூலியுண்டு, இன்ஷா அல்லாஹ்.

ஹலாலானதைக் கொண்டு நம்மைப் போதுமாக்கி, ஹராமின் பக்கம் தேவையற்றவர்களாக அல்லாஹ் நம் வீடுகளை ஆக்கி வைப்பானாக. ஆமீன்.