நிஜாம் நகைகள்: வாங்கியது அரசு, காப்பது வங்கிப் பெட்டகம்

மாரெட்பள்ளி: செகந்திராபாதின் மாரெட்பள்ளியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தினர், ஊரிலிருந்து வரும் உறவினரைத் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று மூசி நதிக்கரையில் உள்ள சாலார் ஜங் அருங்காட்சியகம். முகத்திரை அணிந்த ரெபெக்கா சிலையும் மணியடிக்கும் கடிகாரமும் அங்கு உண்டு. மக்கள் வரிப் பணத்தில் மத்திய அரசு வாங்கிய நிஜாம் நகைகளுக்குத்தான் நிரந்தரக் கூடம் இல்லை.

ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் 1951, 1952-இல் இரு அறக்கட்டளைகளை நிறுவி, அவற்றின் பொறுப்பில் குடும்ப நகைகளை ஒப்படைத்தார். தாமும் மூத்த மகனும் மறைந்த பிறகே அவற்றை விற்கலாம் என்பது நிபந்தனை. 1967-இல் நிஜாமும், 1970-இல் மகன் ஆஜம் ஜாவும் காலமாயினர். விற்பனைக்கு வழி பிறந்தது. ஏலம் கேட்க வெளிநாட்டவரும் முன்வந்தனர். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இறுதியில் 1995-இல், நரசிம்ம ராவ் ஆட்சிக்காலத்தில், 173 நகைகளை சுமார் ரூ.218 கோடிக்கு மத்திய அரசு வாங்கியது. 184.75 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரமும் அவற்றில் அடக்கம்.

உலகச் சந்தையில் இதைவிடப் பன்மடங்கு விலை கிடைக்கும் என்பது வாரிசுகள் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. தேவையெனில் அவற்றைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாத பொருளுக்கு வெளிநாட்டார் எப்படி விலை கேட்பார்? போட்டி குறைந்தால் விலையும் குறையும். அரசு வென்றது ஏலத்தில் அல்ல, சட்டத்தின் துணையால்.

சட்டம் எட்டாத இடங்களில் நிலைமை வேறு. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் நிஜாம் வம்சத்தின் வாள் ஒன்றும், ஆற்காடு நவாபுடன் தொடர்புடைய 'ஆற்காடு-2' வைரமும் விலைபோயின. அந்த வைரம் மட்டும் சுமார் 34 லட்சம் டாலர். தமிழகத்தின் பெயர் தாங்கிய அக்கல்லுக்காக இங்கு பெரிதாகக் குரல் எழவில்லை.

2025-இல் பிப்ரஹ்வா பௌத்த மணிகளை ஹாங்காங்கில் ஏலம் விட சோதபீஸ் நிறுவனம் முற்பட்டபோது, அரசு சட்ட நோட்டீஸ் அனுப்பி ஏலத்தை நிறுத்தியது. எனினும் அவற்றை விலை கொடுத்து வாங்கியது கோத்ரெஜ் குழுமம். பெரும்பகுதி தேசிய அருங்காட்சியகத்துக்குக் கடனாகவே அளிக்கப்படும் என்பது ஏற்பாடு. ஏலக்கூடத்தில் கை உயர்த்தும் வசதி நமது அருங்காட்சியகங்களுக்கு இல்லை. விலைப்புள்ளி, குழு, நிதித்துறை ஒப்புதல் என்று கோப்பு நகர்வதற்குள் சுத்தியல் விழுந்துவிடும்.

நிஜாம் நகைகளைப் பொறுத்தவரை அந்தச் சாக்குக்கும் இடமில்லை. வாங்கியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் வாங்கிய நாள் முதல் அவை தங்கியது ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில். ஹைதராபாதிலேயே நிரந்தரமாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. பாதுகாப்புச் செலவு அதற்குப் பெரும் தடையாகக் கூறப்படுகிறது. 2001-இலும் 2006-இலும் சாலார் ஜங்கில் அவை காட்சிக்கு வந்தன. 2019-இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டு, கண்காட்சி முடிந்ததும் பெட்டகத்துக்கே திரும்பின.