தட்டுமுன் கேள், தம்பி!



தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம் பிள்ளைகள் பலர் ஜோகூர் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போன நம் தோட்டத்துத் தம்பி ஒருவரைப் புக்கிட் பாஞ்சாங்கில் பார்த்தேன். இடிக்கப்போகும் பழைய பட்டறை ஒன்றில் உள்கூரைத் தகடுகளைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூள். மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான்.

"என்ன தகடு தம்பி இது?" என்று கேட்டேன்.

"யாருக்குண்ணே தெரியும்? உடைக்கச் சொன்னாங்க, உடைக்கிறேன்."

அந்தப் பதில்தான் என் நெஞ்சை அறுக்கிறது.

பழைய கட்டடங்களின் கூரைத் தகடு, உள்கூரை, குழாய் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அது பாறையிலிருந்து எடுக்கும் ஒருவகை நார். தகடு முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைத்தாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். இன்றைக்கு ஒரு இருமல்கூட வராது. பத்து வருசம், முப்பது வருசம், நாற்பது வருசம் கழித்து மூச்சு இறுகும், புற்றுநோயும் வரலாம். அன்றைக்கு அந்தத் தவுக்கேயை எங்கே போய்த் தேடுவது?

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்துக்குத் தூசி நோய் புதிதல்ல. பக்கத்துப் புக்கிட் தீமா கல்மலைகளில் கருங்கல் உடைத்தவர்களில் பலர் கல்தூசியால் நெஞ்சு கெட்டு அவதிப்பட்டார்கள். அந்தக் கல்மலைகள் இன்று பூங்காக்கள். மலை மூடிவிட்டது என்பதற்காகப் பாடத்தையும் மூடிவிடலாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் போடத் தடை. 2014-இல் வந்த விதிகளின்படி, 1991-க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்குமுன் தகுதி பெற்றவர் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அங்கீகாரம் பெற்ற குத்தகையாளரே அகற்ற வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். சுத்தியலைத் தூக்குமுன் இரண்டே கேள்வி: "இது எந்த வருசத்துக் கட்டடம்? சோதனை நடந்ததா?" பதில் வராவிட்டால் தட்டாதே. பார்வைக்குச் சாதாரணத் தகடுதான். ஆய்வுக்கூடத்தில்தான் உண்மை தெரியும். கைக்குட்டையும் துணி முகமூடியும் இந்த நாரைத் தடுக்காது. விழுந்த தூளைக் காய்ந்தபடி கூட்டாதே. வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டு வராதே. அதைத் துவைத்த மனைவிமாருக்கும் நோய் வந்ததுண்டு. சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு.

நம் லயத்தையும் பாருங்கள். பழைய கூரைத் தகடு உடைந்து கிடந்தால் கோழிக்கூட்டுக்கு ஆகும் என்று அறுக்காதீர்கள். பாசியைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். யூனியன் தலைவரிடம் சொல்லி, நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒருநாள் சம்பளம் போனால் இன்னொரு நாள் சம்பாதிக்கலாம். மூச்சு போனால் எந்த யூனியனாலும் வாங்கித் தர முடியாது.