வீட்டு முற்றத்துப் பழைய மரம்: வெட்டலாமா, வைத்திருக்கலாமா?

2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று பட்டப்பகலில் சாய்ந்தது. ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. மோனோரெயில் தடமும் சேதமுற்றது.

இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் நம் கண் வீட்டு முற்றத்து மாமரத்தின் மீதும் ரம்புத்தான் மரத்தின் மீதும் போகும். “வெட்டிவிட்டுப் புதிதாக ஏதாவது நடலாம்” என்பார் அப்பா. “நான் வைத்த மரம், தொடாதே” என்பார் பாட்டி. இருவரில் யார் சொல்வது சரி? மாணவர்களே, விடையை மரத்திடமே தேடுவோம்.

வயது மட்டும் குற்றமல்ல

மரத்தண்டின் நடுப்பகுதி பெரும்பாலும் உயிரற்ற கட்டைதான். பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய கேம்பியம் அடுக்கே புதிய செல்களை உண்டாக்குகிறது. அதன் உட்புறத்துச் சைலம் நீரையும் வெளிப்புறத்துப் புளோயம் உணவையும் கடத்துகின்றன. ஆகவே, நடுவில் பொந்து விழுந்த மரமும் பசுமையாக வாழ முடியும்.

அது உறுதியாக நிற்குமா? இங்கே கணிதம் கை கொடுக்கிறது. ஓர் உருண்டைக் கம்பம் வளைவதை எதிர்க்கும் திறனைக் கணக்கிடும்போது ஆரத்தை நான்கு முறை பெருக்க வேண்டும். பொந்தின் ஆரம் மரத்தின் ஆரத்தில் பாதி என்றால் 0.5 × 0.5 × 0.5 × 0.5 = 0.0625. அதாவது சுமார் 6 விழுக்காடு திறன் மட்டுமே குறைகிறது. பொந்து 0.7 பங்கானால் இழப்பு 24 விழுக்காடு. 0.9 பங்கானால் 66 விழுக்காடு! சிறிய பொந்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால், சுவர் மெலிந்துகொண்டே போனால் ஆபத்து வேகமாகக் கூடும்.

அபாயம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. மர வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது. கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் படர்கிறது. கார் நிறுத்துமிடத்துக்குச் சிமெண்டு போடும்போதும் கால்வாய் தோண்டும்போதும் வெட்டுப்படுவது இந்த வேர்கள்தாம். இலைகள் பச்சையாக இருக்க, பிடிமானம் மட்டும் போய்விடும்.

கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கவனியுங்கள்:

• அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான்
• வேர்ப்பகுதியில் மண் விரிசல் விடுதல் அல்லது மேலெழும்புதல்
• நேராக நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்குதல்
• உச்சிக் கிளைகள் காய்ந்து வருதல்

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மரம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

மொட்டையடிப்பது தீர்வாகுமா?

“வெட்ட வேண்டாம், உச்சியை மட்டும் நறுக்கிவிடலாம்” என்பார்கள் சிலர். அப்படிச் செய்தால் வெட்டிய இடத்தில் புதுத் தளிர்கள் கொத்தாகக் கிளம்பும். அவை கட்டையின் உள்ளே வேரூன்றாமல் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. வளர்ந்து கனத்த பிறகு காற்றில் எளிதில் முறிந்துவிடும். வெட்டுக்காயத்தின் வழியே பூஞ்சையும் உள்ளே போகும்.

தென்னையின் கதை வேறு. அது ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் கிடையாது. உச்சியிலுள்ள ஒரே குருத்துதான் அதன் உயிர். அதை வெட்டினால் மரமே பட்டுப்போகும்.

சட்டமும் உண்டு

சொந்த வீட்டு மரம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, தீபகற்ப மாநிலங்களில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளக்க வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து தரும் மரத்துக்கும் விலக்கு உண்டு.

வெட்டிய பிறகுதான் வேலை

பால்மரக் காட்டில் வேலை செய்த தாத்தா, பாட்டி இருந்தால் ‘வெள்ளை வேர் நோய்’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். மண்ணில் விடப்பட்ட பழைய ரப்பர் கட்டையில் இந்தப் பூஞ்சை உயிரோடிருக்கும். மறுநடவு செய்த கன்றின் வேர் அதைத் தொட்டதும் கன்றுக்குத் தாவிவிடும். வீட்டு முற்றத்துக்கும் இதே பாடம்தான். நோயால் இறந்த மரத்தின் கட்டையையும் பெரிய வேர்களையும் தோண்டி எடுக்காமல் அதே குழியில் புதுக்கன்று நடக்கூடாது.

வெட்டிய தென்னந்தண்டை மூலையில் போட்டுவைப்பதும் தவறு. மக்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். எரித்துவிடலாமா? திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். சிறு துண்டுகளாக்கி அப்புறப்படுத்துவதே நல்லது.

மரத்தூளை மண்ணோடு கலந்துவிடாதீர்கள். அதில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் கன்றின் இலைகள் மஞ்சளாகும். மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் இந்தச் சிக்கல் குறைவு.

புதுக்கன்று நடும்போது

இடத்துக்கேற்ற மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தாமான் வீட்டின் சிறிய முற்றத்துக்குக் கறிவேப்பிலை, கொய்யா, லீமாவ் கஸ்தூரி போன்றவை பொருந்தும். ஆலும் அரசும் வேண்டாம். அவற்றின் வேர் சுவர் விரிசலையும் குழாய் வெடிப்பையும் தேடிப் போகும். ரம்புத்தான் என்றால் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். விதையில் முளைத்தது ஆண் மரமாக அமைந்தால் காய்க்கவே காய்க்காது.

குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டுமே போதும். தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். அது புதைந்தால் மூச்சுத்திணறி அழுகும். பைக்குள் சுருண்ட வேர்களைப் பிரித்துவிடுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அவை பிற்காலத்தில் தண்டையே நெரிக்கும்.

ஒன்றுக்கு ஒன்று ஈடாகுமா?

காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் 3.67 கிலோ கரியமில வாயுவிலிருந்து வந்தது (44 ÷ 12). அப்படியென்றால் 100 கிலோ காய்ந்த கட்டைக்குள் அடங்கியிருப்பது சுமார் 183 கிலோ கரியமில வாயு. முழங்கால் உயரக் கன்று அந்த அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். நிழலும் நீராவிப்போக்கு தரும் குளிர்ச்சியும் அப்படித்தான். எனவே, நலமாக இருக்கும் மரத்தை அழகுக்காக மட்டும் வெட்டுவது நட்டம். வேர் அழுகிய மரத்தைப் பாசத்துக்காக வைத்திருப்பது ஆபத்து. அப்பாவும் பாட்டியும் வாதாடும் முன் மரத்தைச் சோதிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உங்கள் வீட்டு மரத்தின் சுற்றளவை அளவு நாடாவால் அளந்து 3.14 ஆல் வகுங்கள். கிடைப்பது விட்டம். அது 25.5 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா? தாண்டினால், வெட்டுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டிய மரம் அது. பின்னர் மேலே சொன்ன நான்கு அறிகுறிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறித்து வையுங்கள். அந்தத் தாளை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.